ஒரே மூச்சில் பத்துப் பாகம் ஆழம்… தெரியுமா?

இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் நெஞ்சுக்குள் எவ்வளவு காற்று போய்வந்திருக்கும், தெரியுமா? சுமார் அரை லிட்டர்! நீங்கள் எதுவும் செய்யவில்லை. அதுவாகப் போனது, அதுவாக வந்தது. நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை, தூங்கும்போதும் சிரிக்கும்போதும் சண்டை போடும்போதும் விடாமல். ஒரு நாள் முழுவதையும் கூட்டினால் 10,000 லிட்டரைத் தொட்டுவிடும். கோடையில் தெருமுனையில் வந்து நிற்கிறதே தண்ணீர் லாரி, அது முழுக்க நிரம்பும் அளவு!

சரி, அத்தனையும் கிடையாது, ஒரே ஒரு மூச்சுதான் தருவேன், அதை வைத்துக்கொண்டு கடலடிக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வா என்று யாராவது சொன்னால்? தூத்துக்குடிக் கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளாக அதைத்தான் செய்தார்கள்! கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் குறிப்பு கொற்கை முத்தைப் பற்றிப் பேசுகிறது. அங்கே முத்தெடுக்க யாரைக் கடலில் இறக்கினார்கள் என்று அது சொல்கிறது, தெரியுமா? தண்டனைக் கைதிகளை! மூச்சை அடக்குவது அன்று ஒரு தண்டனை. பிற்காலத்தில் அதுவே பரதவர்களும் கீழக்கரை இஸ்லாமியரும் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்த தொழில்திறமையாக மாறியது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சங்குகுளித்தல் இன்றும் நடக்கிறது.

அந்த ஒற்றை மூச்சுக்குள் என்னதான் இருக்கிறது? அதை யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள்? ஒவ்வொன்றும் ஆச்சரியம்!

கை விரித்தால் கடல் ஆழம், கை விரித்தால் மூச்சு ஆழம்!

இந்தக் கரையில் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரியுங்கள். இந்தக் கை நடுவிரல் நுனியிலிருந்து அந்தக் கை நடுவிரல் நுனிவரை ஒரு பாகம், ஏறத்தாழ 6 அடி. கயிற்றைக் கைக்குக் கை விரித்து அளந்தே ஆழம் சொல்லிவிடுவார்கள். முத்துச்சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளான பார்கள் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் ஆழத்தில் இருக்கும். அதாவது 9 முதல் 18 மீட்டர்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நுரையீரல் பரிசோதனை செய்பவர் முதலில் உங்கள் உயரத்தைத்தான் அளப்பார். ஏனென்றால் உங்கள் நெஞ்சில் எவ்வளவு காற்று கொள்ள வேண்டும் என்ற கணக்கு உயரத்திலிருந்துதான் தொடங்குகிறது. முதுகு கூனியவர், நிமிர்ந்து நிற்க முடியாதவர் வந்தால் என்ன செய்வார், தெரியுமா? கைகளை விரிக்கச் சொல்லி, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை நாடா பிடித்து, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுவார்! அதே பாகம்! தூத்துக்குடித் திரேஸ்புரத்துப் படகுக்காரரும் நுரையீரல் ஆய்வகக்காரரும் ஒரே அளவுகோலைப் பிடித்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உயரத்துக்கும் மூச்சுக்கும் உள்ள இந்த உறவைக் கண்டுபிடித்தவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1846-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இன்றைய மூச்சுப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் தாய். அவர் கையாண்ட ஸ்பைரோமீட்டர் எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த ஓர் உருளைப் பாத்திரம். அதன் கனத்தைச் சமன்செய்யக் கப்பியில் தொங்கும் எடைக்கல். வாயில் வைத்து ஊத ஒரு குழாய். ஊதினால் காற்று உள்ளே புகுந்து பாத்திரம் மேலே ஏறும். எவ்வளவு ஏறியது என்று பக்கத்து அளவுகோலில் படித்தால் தீர்ந்தது!

அதில் அவர் ஊதவைத்தது 2,000 பேருக்கும் மேல். மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், போலீஸ்காரர்கள், படைவீரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், ஏழை விடுதியில் கிடந்தவர்கள், கனவான்கள் என்று யாரையும் விடவில்லை. கிடைத்த விடை என்ன? உயரத்தில் ஓர் அங்குலம் கூடினால் ஊதும் காற்றில் 8 கன அங்குலம் கூடுகிறது. நம் கணக்கில் சுமார் 130 மில்லிலிட்டர். மார்பின் சுற்றளவுக்கும் மூச்சுக்கும் அப்படியொரு நேரான உறவே இல்லை! நெஞ்சை விடைத்துக்கொண்டு நடப்பவரிடம்தான் மூச்சு அதிகம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தண்ணீர்த் தொட்டி அதைப் பொய்யாக்கிவிட்டது.

ஊதியவர்களில் ஓர் அமெரிக்க ராட்சதரும் உண்டு. ஏறத்தாழ 7 அடி உயரம், குத்துச்சண்டைக்காரர். முதலில் ஊதியபோது 434 கன அங்குலம், 7 லிட்டருக்கும் மேல்! சில ஆண்டுகளில் உடம்பு நலிய நலிய அந்த எண் இறங்கியது. 1845-இல் காசநோயில் இறந்துபோனார். அப்போது எக்ஸ்ரே கிடையாது. அது வர இன்னும் 50 ஆண்டுகள் இருந்தன. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்ததே 1882-இல்தான். அதற்கெல்லாம் முன்பே, நெஞ்சுக்குள் ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று ஒரு பாத்திரமும் எடைக்கல்லும் எண்ணால் சொல்லியிருக்கின்றன! இந்தக் கருவியை ஆயுள் காப்பீட்டுக்காரர்களும் பயன்படுத்த வேண்டும் என்று ஹட்சின்சன் விரும்பினார். தன் கருவி உலகமெங்கும் போகப்போவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1852-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், பிறகு ஃபிஜித் தீவில் 1861-இல் காலமானார்.

வெளியே வரவே வராத ஒரு லிட்டர்!

மூழ்கப் போகிறவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிறாரே, அந்தக் காற்றை இப்படிப் பிரித்துப் பாருங்கள். பள்ளி உயிரியல் புத்தகத்தில் இருக்கும் கணக்குதான். சும்மா இருக்கும்போது போய்வருவது அரை லிட்டர். அதற்கு மேல் முயன்று இழுத்தால் இன்னும் இரண்டரை முதல் மூன்று லிட்டர் உள்ளே போகும். மூச்சை விட்ட பிறகும் அழுத்தி வெளியே தள்ளினால் இன்னும் ஒரு லிட்டர் வரும். இவை மூன்றையும் கூட்டினால் உயிர்ப்புத் திறன். ஹட்சின்சனின் பாத்திரம் அளந்தது இதைத்தான்.

ஆனால் முழுக்க ஊதி, வயிறு ஒட்டி, கண்ணில் நீர் வரும்வரை தள்ளிய பிறகும் நுரையீரலுக்குள் ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான காற்று அப்படியே உட்கார்ந்திருக்கிறது, தெரியுமா? எப்படித் தள்ளினாலும் வராது! இதற்கு எஞ்சிய கொள்ளளவு என்று பெயர். இது மட்டும் இல்லையென்றால் ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் நுண்ணிய காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், அடுத்த மூச்சில் அவற்றைப் பிரித்துத் திறக்கவே உடம்பு பெரும்பாடு பட வேண்டியிருக்கும். அந்தக் காற்றறைகள் எத்தனை? 30 கோடிக்கும் மேல்! விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர்.

வெளியே வராத காற்றை எப்படி அளப்பது? இங்கேதான் மனித மூளையைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். 1800-இல், 21 வயது இளைஞர் ஹம்ஃப்ரி டேவி ஒரு வழி சொன்னார். குறிப்பிட்ட அளவு ஹைட்ரஜனை உள்ளே இழுத்து, நுரையீரல் காற்றோடு கலக்கவிட்டு, வெளியே வருவதில் ஹைட்ரஜன் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்று பார்த்தால், உள்ளே எவ்வளவு காற்று ஒளிந்திருந்தது என்று தெரிந்துவிடும்! பரிசோதனைக்கு யாரைத் தேர்ந்தெடுத்தார்? தன்னையே! இன்று ஹைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம். முறை அதேதான்.

இன்னொரு வழி 1956-இல் வந்தது. ஆர்தர் டுபாய்ஸ் என்ற அமெரிக்க உடலியலாளரும் அவர் குழுவினரும் ஆளைக் காற்றுப் புகாத கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். வாய்க்குழாயை ஒரு கணம் அடைத்துவிட்டு மூச்சிழுக்கச் சொன்னார்கள். காற்று எதுவும் உள்ளே போகாது. ஆனாலும் நெஞ்சு விரியும், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் குறையும், அறையின் அழுத்தம் மிக நுண்ணிதாக ஏறும். இந்த இரண்டு மாற்றங்களிலிருந்து நெஞ்சுக்குள் உள்ள மொத்தக் காற்றையும் கணக்கிட்டுவிடலாம். அடிப்படை என்ன? அழுத்தம் கூடினால் கொள்ளளவு குறையும் என்ற ராபர்ட் பாயிலின் 1662-ஆம் ஆண்டு விதி.

அதே விதிதான் தூத்துக்குடிக் கடலில் மூழ்கியவரின் நெஞ்சை நசுக்கியது!

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. மேலே 6 லிட்டராக இருந்த நுரையீரல் காற்று அங்கே 3 லிட்டர். 10 பாகத்துக்குப் போனால் ஏறத்தாழ 2 லிட்டர்! விலா எலும்புக் கூடு உள்வாங்கி, உதரவிதானம் மேலேறி, நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அந்த நிலையில் அவர் கையால் தடவிச் சிப்பிகளைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருப்பார்.

ஆறு நிமிடமா, அறுபது விநாடியா?

மூழ்குவதே ஒரு கலை. 15, 20 கிலோ எடையுள்ள கல்லில் கயிறு கட்டியிருக்கும். ஒரு காலை அதன்மேல் ஊன்றி, நெஞ்சு நிறைய இழுத்து, விரல்களால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கயிற்றை விடச் சொல்வார்கள். கல் இழுத்துக்கொண்டு போய்விடும். நீந்தி இறங்கினால் மூச்சு செலவாகுமே! கல்லில் இறங்குவது மூச்சைச் சேமிக்கும் சூட்சுமம். அடி தொட்டதும் மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவரின் உயிர் அந்தக் கயிறு பிடித்தவர் கையில். ஓர் அசைப்பு வந்தால் இழு! மன்னார் வளைகுடாவில் அரபு நாட்டிலிருந்து வந்து மூழ்கியவர்கள் மூக்கில் கொம்பால் செய்த கவ்வியை மாட்டியிருப்பார்கள். நம் ஆட்கள் விரலையே நம்பினார்கள். ஒரு கல்லுக்கு இருவர். ஒருவர் மூழ்க, மற்றவர் இளைப்பாற. ஒரு நாளில் 40, 50 முறை!

எவ்வளவு நேரம் கீழே இருப்பார்கள்? இங்கே ஓர் அழகான கதை உண்டு. ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1803-இல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 1797-இல் கேரளத்து அஞ்செங்கோவிலிருந்து வந்த ஒருவர் முழுதாக 6 நிமிடம் நீருக்குள் இருந்தார் என்று அதில் எழுதினார். அந்த 6 நிமிடம் நூறாண்டுகள் புத்தகம் புத்தகமாகப் பயணம் செய்தது! பின்னால் வந்தவர்கள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது வழக்கமான நேரம் 50 முதல் 80 விநாடி.

அடடா, இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். 2009-இல் ஸ்டெஃபான் மிஃப்சுத் என்ற பிரெஞ்சுக்காரர் 11 நிமிடம் 35 விநாடி மூச்சடக்கினார். ஆனால் அவர் நீச்சல்குளத்தில் விரல்கூட அசைக்காமல் மிதந்தார். இங்கே கடலடியில் வேலை நடக்கிறது! ஓய்வில் இருக்கும் உடம்பு நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் பிராணவாயுவைச் செலவழிக்கும். கையும் காலும் உழைத்தால் அது பல மடங்கு. அதோடு இன்னும் 49 முறை மூழ்க வேண்டும். என்னைக் கேட்டால், 6 நிமிடக் கதையைவிட ஐம்பது முறை திரும்பத் திரும்ப வந்த அந்த 60 விநாடிதான் பெரிய சாதனை.

மூச்சை அடக்கும்போது ‘இனி முடியாது’ என்று நெஞ்சு துடிக்கிறதே, அது பிராணவாயு தீர்ந்ததால் அல்ல, தெரியுமா? ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால்தான் அந்தத் தவிப்பு! அதனால் மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு வெளியே போய்விடும், தவிப்பு தாமதமாகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தவிப்பு வருவதற்குள் பிராணவாயு தீர்ந்து, எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வந்துவிடும். குளத்தில் போட்டிக்கு மூச்சடக்கும் பிள்ளைகள் பலர் உயிர் விடுவது இப்படித்தான். வீட்டில் நீச்சல் பழகும் பிள்ளைகள் இருந்தால் இந்த ஒரு தகவலையாவது இன்றே சொல்லிவிடுங்கள்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னொன்றைக் குறித்து வைத்திருக்கிறார். சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைப்பவர்களுக்கு, எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்களாம்! 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பக்கம் ஆங்கில அரசே இந்தக் கடல்கட்டிகளுக்கு ஏற்பாடு செய்தது. அவர்கள் இல்லாமல் யாரும் கடலில் இறங்க மறுத்தார்கள். இதில் எனக்கு ஓர் உடலியல் உண்மை தெரிகிறது. பயந்தவரின் இதயம் வேகமாக அடிக்கும். வேகமாக அடிக்கும் இதயம் பிராணவாயுவை அள்ளிக் குடிக்கும். பயத்தைப் போக்கியவர் மூச்சையும் நீட்டியிருக்கிறார்!

கடல் தொட்டால் இதயம் மெதுவாகும்!

முகம் நீரில் அமிழ்ந்தால் இதயத்துடிப்பு குறையும், தெரியுமா? சீலுக்கும் திமிங்கலத்துக்கும் உள்ள அதே பழக்கம் நமக்கும் உண்டு. பெர் ஷோலாண்டர் என்ற உடலியலாளரும் அவர் தோழர்களும் ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணையில் முத்துக்குளிப்பவர்களையே ஆராய்ந்து 1962-இல் இதை எழுதினார்கள். கை கால்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து, மூளைக்கும் இதயத்துக்கும் முன்னுரிமை கிடைக்கிறது.

இன்னொரு கணக்கு விஞ்ஞானிகளையே மலைக்கவைத்தது. நெஞ்சில் 6 லிட்டர் கொள்ளும், ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான காற்று அசையாது என்றால், 30, 40 மீட்டருக்குக் கீழே நுரையீரல் சுருங்க இடமே இல்லை, நெஞ்சு நொறுங்கிவிடும் என்று நம்பினார்கள். ராபர்ட் கிராஃப்ட் என்ற அமெரிக்கக் கடற்படைக்காரர் 1968-இல் 70 மீட்டருக்கும் கீழே போய்ச் சிரித்துக்கொண்டே வந்தார்! எப்படி? ஆழத்தில் உடம்பின் ரத்தம் சுமார் ஒரு லிட்டர் நெஞ்சுக்குள் வந்து, காற்று விட்ட இடத்தை நிரப்பியிருந்தது! அவரை அளந்துதான் அதே ஆண்டு இதைக் கண்டுபிடித்தார்கள்.

தென்கிழக்காசியக் கடல் நாடோடிகளான பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்து ஊர் நிலவாசிகளின் மண்ணீரலைவிட 50 சதவீதம் பெரிது என்று 2018-இல் தெரியவந்தது. மண்ணீரல் சுருங்கும்போது சேமித்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும். அது ஒரு கூடுதல் மூச்சு! பசிபிக்கில் டுவாமோட்டுத் தீவுகளின் முத்துக்குளிப்பவர்களுக்கு ‘தரவானா’ என்றொரு நோய். ஓய்வில்லாமல் ஆழத்துக்குத் திரும்பத் திரும்ப மூழ்கியதால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உருவாகி வாதமும் பைத்தியமும் வந்தன. ஒரு கல்லுக்கு இருவர் என்று மாறி மாறி இளைப்பாறிய நம் முறையின் மதிப்பு இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

தென்கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கும் ஹேன்யோ பெண்களின் பண்பாட்டை யுனெஸ்கோ 2016-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் மன்னார் வளைகுடாவிலும் பெண்கள் மூழ்குகிறார்கள், தெரியுமா? ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடற்பாசி பறிக்கிறார்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி அவர்களுக்காகக் குரல் கொடுத்ததற்கு 2015-இல் சீகாலஜி விருது பெற்றார். இவர்களுக்கும் ஒரு யுனெஸ்கோ பட்டியல் தகும்!

நம் மூச்சுக்கு நம் அளவுகோல்

ஹட்சின்சன் லண்டன்காரர்களை வைத்து எழுதிய எண் தூத்துக்குடிக்காரருக்குப் பொருந்துமா? சென்னை சேத்துப்பட்டில் உள்ள, அன்று காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயர் கொண்டிருந்த நிறுவனத்தினர் சென்னையின் ஆரோக்கியமான இளம் வயதினரை ஊதவைத்து அளந்தார்கள். 1990-இல் ‘தொராக்ஸ்’ என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் அது வந்தது. ஐரோப்பியருக்கான எண்களைவிட நம்முடையவை குறைவு! அதனால் ஐரோப்பிய அளவை அப்படியே வைத்தால் நல்ல நுரையீரல் உள்ளவரும் நோயாளியாகத் தெரிவார்.

நெடுங்காலம் இதற்கு ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு அட்டவணை வைத்திருந்தார்கள். 2023-இல் அமெரிக்க மார்புநோய் மருத்துவர் சங்கம் இனம் பார்க்காத பொது அட்டவணையைப் பரிந்துரைத்தது. ஏன் தெரியுமா? ஒரு மக்கள்கூட்டத்தின் மூச்சு குறைவாக இருந்தால் அது பிறவி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். சிறுவயது ஊட்டம், அடுப்புப் புகை, வேலையிடத்துத் தூசி இவையும் காரணமாக இருக்கலாமே! அந்தக் கேள்வியைக் கேட்க அட்டவணையே தடையாகிவிடக் கூடாது. இது நல்ல மாற்றம் என்பது என் எண்ணம். ஆனால் பொது அட்டவணை நம்மவரைத் தேவையில்லாமல் பயமுறுத்தாமல் இருக்க, மருத்துவர் ஒரே எண்ணைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

மூச்சு நிறைய இருந்தால் மட்டும் போதாது, அது ரத்தத்துக்குள் போக வேண்டும். அதை அளக்கும் பரிசோதனையை 1915-இல் உருவாக்கியவர் மரீ குரோ என்ற டென்மார்க் பெண் மருத்துவர். மிகமிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து, இன்றைய முறையில் 10 விநாடி மூச்சடக்க வேண்டும். எவ்வளவு வாயு ரத்தத்துக்குள் காணாமல் போனது என்று பார்த்தால் நுரையீரல் சுவரின் தரம் தெரியும்.

இன்னொரு புதுச்செய்தி. சங்கு ஊதினால் குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை குறையுமா என்று ஜெய்ப்பூர் மருத்துவர்கள் சோதித்தார்கள். 30 பேர், 6 மாதம், நாளுக்கு 15 நிமிடம், வாரத்துக்கு 5 நாள். ஊதியவர்களுக்குப் பகல் தூக்கம் 34 சதவீதம் குறைந்திருந்தது! 2025-இல் ஓர் ஐரோப்பிய மருத்துவ இதழில் வெளியானது. சிறிய ஆய்வுதான், பெரிய ஆய்வு வரட்டும். ஆனாலும் நம் கடலடியில் எடுத்த சங்கு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிருக்கிறதே!

அடக்கியது போதும், விடுங்கள்!

இப்போது மிக முக்கியமான ஒன்று. திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகும் பலர் இன்று படகில் கம்ப்ரசர் வைத்து, நீண்ட குழாய் வழியே வரும் காற்றைக் கடலடியில் சுவாசிக்கிறார்கள். மூச்சடக்க வேண்டியதில்லை, நீண்ட நேரம் கீழே இருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காத்த விதி இங்கே தலைகீழாகிறது, தெரியுமா?

மூச்சடக்கி மூழ்கியவர் மேலே இருந்த காற்றைத்தான் கீழே கொண்டுபோனார். கீழே அது சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும். ஆபத்தில்லை. ஆனால் குழாயில் சுவாசிப்பவர் 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய, 6 லிட்டர், அங்குள்ள அழுத்தத்திலேயே இழுத்திருப்பார். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும்! நெஞ்சில் இடம் ஏது? காற்றறைகள் கிழியும், குமிழ்கள் ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகும். ஒன்றரை மீட்டர் ஆழம்கூட இதற்குப் போதும். முத்துக்குளித்த தாத்தாவின் ‘அடக்கு’ என்ற பாடம் கம்ப்ரசர் காலத்தில் கொன்றுவிடும். மூச்சை விட்டுக்கொண்டே, மெதுவாக மேலே வர வேண்டும். ஆழத்தில் நெடுநேரம் இருந்தவர் இன்னும் மெதுவாக. கம்ப்ரசரின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் காற்று உறிஞ்சும் வாய் இருந்தால் நஞ்சுப் புகையும் கீழே போகும். காற்று வரும் திசையைப் பார்த்து அதைத் தள்ளி வைக்க வேண்டும். இதெல்லாம் படகில் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்கிறேன்.

சங்கு குளிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. காற்றறைகளில் எங்காவது காற்று சிறைப்பட்டிருந்தாலோ, மூச்சுக்குழல் இறுகியிருந்தாலோ மேலேறும்போது அந்த இடம்தான் முதலில் கிழியும். கடலுக்குப் போகாத மற்றவர்களும் தவறவிடக் கூடாது. உப்பளத்திலும் துறைமுகத்திலும் தூசியோடு வேலை பார்ப்பவர்கள், விறகடுப்பில் நின்ற அம்மாக்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், இரவில் இழுப்பு வரும் பிள்ளைகள் எல்லோரும்தான்.

பரிசோதனை எப்படி இருக்கும்? மூக்கில் கவ்வி போடுவார்கள், அரபு முத்துக்குளிப்பவர் மாட்டியது போலவே! வாய்க்குழாயை உதட்டால் இறுக்கி, நெஞ்சு நிறைய இழுத்து, வெடிப்பது போல ஊத வேண்டும். நல்ல நுரையீரலிலிருந்து முதல் ஒரு விநாடியிலேயே ஏறத்தாழ 80 சதவீதம் காற்று வெளியே வந்துவிடும். மூச்சுக்குழல் இறுகியிருந்தால் அந்த விநாடியில் குறைவாக வரும், மீதி இழுத்து இழுத்து வரும். ஆறு விநாடியாவது விடாமல் ஊத வேண்டும். பக்கத்தில் நிற்பவர் “இன்னும், இன்னும், விடாதீங்க!” என்று சத்தம் போடுவார், திட்டுகிறார் என்று நினைக்க வேண்டாம், அதுதான் முறை. குறைந்தது மூன்று முறை ஊதி, அதில் சிறந்ததைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முதல் ஊதல் சரியாக வரவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

போவதற்கு முன் ஒரு மணி நேரம் பீடி, சிகரெட் கூடாது. கடுமையாக வேலை செய்துவிட்டு நேராகப் போகக் கூடாது. வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இறுக்கமான உடை வேண்டாம். அண்மையில் கண்ணிலோ நெஞ்சிலோ வயிற்றிலோ அறுவை சிகிச்சை செய்திருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இழுப்புக்கு மருந்து எடுப்பவர்கள் அன்று காலை அதை எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதுகு வளைந்த தாத்தாவை அழைத்துப் போனால், கைகளை விரிக்கச் சொல்லி அளக்குமாறு நீங்களே ஞாபகப்படுத்தலாம்.